மேல்வீட்டில் குளியல், கீழ்வீட்டில் மழை!

மேல்வீட்டுக்காரர் காலை ஆறு மணிக்கு ஷவரைத் திறக்கிறார். கீழ்வீட்டுக்காரர் ஏழு மணிக்கு வாளியைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்!

சென்னையிலும் மற்றப் பெரிய நகரங்களிலும் அடுக்கு மாடியில் குடியிருப்போருக்கு இது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றாது. பட்டவர்களுக்குத்தான் அதன் வேதனை தெரியும்.

"சார், உங்க பாத்ரூம்லேருந்து எங்க சீலிங்கிலே தண்ணி சொட்டுது. கொஞ்சம் பாருங்களேன்" என்று கீழ்வீட்டார் முதல் நாள் மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? போன வருஷந்தானே லட்சக்கணக்கிலே செலவு பண்ணி டைல் பூரா மாத்தினேன். எங்க வீட்டிலேருந்து ஒரு சொட்டு இறங்காது!" என்று மேல்வீட்டார் பதில் சொல்லுவார்.

டைல் மாற்றியது உண்மை. தண்ணீர் சொட்டுவதும் உண்மை. டைல் மாற்றிய வேலையிலேதான் ஒழுக்கு பிறந்தது என்பது மூன்றாவது உண்மை. அது மட்டும் இருவருக்கும் தெரிவதில்லை. மாதம் மூன்றானால் மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக் கொள்ளுகிறார்கள். வருஷம் ஒன்றானால் வக்கீல் நோட்டீஸ்!

டைல் காப்பாற்றுமா?

பளபளவென்று டைல் ஒட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது என்பது நம் மக்களிடையே பரவியுள்ள நம்பிக்கை. இது பாதிதான் சரி. தரையில் பதிக்கும் விட்ரிஃபைடு டைல் தண்ணீரை உறிஞ்சும் அளவு அதன் எடையில் அரை சதவிகிதத்துக்கு மேல் இராது. ஆனால் சுவரில் ஒட்டும் சாதாரண பீங்கான் டைல் பத்து சதவிகிதத்துக்கு மேலும் உறிஞ்சும். அது கிடக்கட்டும். இரண்டு டைல்களுக்கு நடுவே உள்ள இணைப்பு இருக்கிறதே, அதை அடைப்பது சிமெண்டுக் கலவை. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். நாள்தோறும் ஷவர் தண்ணீர் அங்கே விழுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

அப்படி இறங்கும் தண்ணீரை நிறுத்துவது டைலுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. கட்டிடம் கட்டியபோது பூசியது. பழைய டைலைச் சுத்தியும் உளியும் வைத்து, அல்லது இயந்திரத்தால், பெயர்க்கும்போது அந்தப் பூச்சும் கிழிந்து, உடைந்து, குப்பையோடு குப்பையாக மூட்டையில் போய்விடுகிறது. புது டைல் வருகிறது; புதுப் பூச்சு வருவதில்லை. கலவையில் ஒரு பாட்டில் மருந்தை ஊற்றிவிட்டு, "எல்லாம் வாட்டர் புரூஃப் பண்ணியாச்சு" என்கிறார் மேஸ்திரி. கலவையில் சேர்க்கும் மருந்து கலவையை இறுக்கமாக்கும். பூச்சின் வேலையை அது செய்யாது.

அந்தக் காலத்து வீடுகளில் குளியலறை கொல்லைப்புறத்தில் இருந்தது. தரையில் கல் பாவியிருப்பார்கள். கசிந்த தண்ணீர் மண்ணுக்குப் போயிற்று. ஓடிய தண்ணீர் வாழைக்குப் போயிற்று. யாருக்கும் நஷ்டமில்லை. இன்று ஒருவர் குளிக்கும் தரையே இன்னொருவர் தலைக்கு மேல் கூரை! குளிக்கும் இடம் மாறிவிட்டது. கட்டுகிறவர் பழக்கம் முழுவதும் மாறவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

வேலை கடினமானதல்ல. பொறுமைதான் வேண்டும். பெயர்த்த தரையைச் சுத்தமாகப் பெருக்கி, விரிசல்களை அடைக்க வேண்டும். கழிவு நீர் இறங்கும் நஹானி டிராப்பையும், குழாய்கள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களையும் முதலில் சரியாக நிறுத்திவிட வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் நடுத்தரையில் பிறப்பதில்லை. இந்த ஓட்டைகளின் ஓரத்திலும், சுவரும் தரையும் சந்திக்கும் மூலையிலும்தான் பிறக்கிறது. மூலையைக் கலவையால் வளைவாக மழுக்கி, அதன் மேல் கண்ணாடி நாரிழை வலைத்துணியை வைத்துப் பூச வேண்டும். பூச்சு இரண்டு கை. முதல் கை காய்ந்த பிறகு, அதற்குக் குறுக்கே இரண்டாவது கை. ஷவர் விழும் சுவரில் ஆளுயரத்துக்குமேல் பூச்சு ஏற வேண்டும். டிராப்பின் வாய்க்குள்ளும் பூச்சு இறங்க வேண்டும். தரைக்கு வாட்டம் ஏறத்தாழ ஐந்து அடிக்கு ஓர் அங்குலம்.

இதற்குப் பிறகுதான் பரீட்சை! டிராப்பின் வாயை அடைத்து, தரை முழுவதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் கோடு கிழித்து, 24 மணி முதல் 48 மணி நேரம் வரை விட்டு வைக்க வேண்டும். கோடு இறங்கக் கூடாது. கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரியக் கூடாது. தேறினால் மட்டுமே டைல்.

இதை ஏன் செய்வதில்லை? பூச்சு காய்ந்து, பரீட்சையும் முடிய நாலைந்து நாள் ஆகும். கூலி ஆட்கள் அதுவரை சும்மா இருக்க மாட்டார்கள். வீட்டுக்காரரோ ஒரே ஒரு குளியலறையை வைத்துக்கொண்டு, "எப்போ சார் முடியும்?" என்று தினமும் கேட்கிறார். டைல் வாங்கக் கடை கடையாய் ஏறி இறங்குகிறவர்கள், அடியில் போகும் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்? மேஸ்திரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஊருக்குப் போனாலும் சொட்டும்!

பல வீடுகளில் குழாய்களை மறைப்பதற்காகக் குளியலறைத் தளத்தை ஓர் அடி வரை பள்ளமாக இறக்கி, அதைச் செங்கல் உடைசலால் நிரப்பி, மேலே டைல் பதிக்கிறார்கள். பூச்சு பழுதானால் இந்தப் பள்ளம் ஒரு தொட்டியாகிவிடும். மாதக்கணக்கில் தண்ணீர் சேர்ந்த பிறகே கீழே சொட்டத் தொடங்கும். மேல்வீட்டார் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தாலும் சொட்டிக் கொண்டிருக்கும். "நாங்கள் ஊரிலேயே இல்லையே, எங்கள் தண்ணீர் எப்படி?" என்று அவர் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும்! முதலில் தண்ணீர் வரும் குழாயை அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அது சரியாக இருந்தால் தரையில் சாயத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சாயம் கீழே வர நாளாகலாம். வந்துவிட்டால் வாதத்துக்கு இடமில்லை.

கீழ்வீட்டார் செய்வது இன்னொரு விபரீதம். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பிளாஸ்டிக் சீலிங் அடித்து மறைத்துவிடுகிறார். மறைவுக்குள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. இரும்பு துருவானால் பருமன் இரண்டு மடங்குக்கு மேல், சில சமயம் ஆறு மடங்கு வரையில்கூடப் பெருகும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழுகிறது. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்பு நீர் பட்ட கம்பி இன்னும் விரைவில் அரிக்கும். மழை நீரைக் காட்டிலும் குளியலறைத் தண்ணீர் ஆபத்தானது என்றால் மிகையில்லை. அது வருஷம் முழுவதும் பெய்கிற மழை அல்லவா?

சட்டம் எங்கே நிற்கிறது?

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவு வீடு வாங்கியவருக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவிக்கப்பட்டால், கட்டி விற்றவர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் ஐந்தாண்டுக்குள் குளியலறையை உடைத்து மாற்றியவர் இதைக் கேட்கப் போனால், "நீங்கள்தானே உடைத்தீர்கள்?" என்ற கேள்வி காத்திருக்கும். ஐந்தாண்டு கழிந்த பிறகோ வழக்கு அண்டை வீட்டாருக்குள்தான். சிவில் கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்குள் எத்தனை ஆயிரம் வாளி நிரம்பும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். புதுக் கட்டிடம் முடிந்த மூன்றாண்டு வரை குளியலறை டைலைப் பெயர்க்கவே அனுமதி இல்லை. கூரையில் கசிவு வந்தால் மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவருக்குமே பொறுப்பு உண்டு. கழகத்தின் உதவித் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது. மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்து கொள்ளுகிறார்கள். கீழ்வீட்டாருக்கு ஏன் பங்கு என்று இங்கே கோபம் வரலாம். தளம் என்பது ஒருவருக்குத் தரை, இன்னொருவருக்குக் கூரை என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இங்கே அரசாங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குடியிருப்போர் சங்கங்கள் காரை எங்கே நிறுத்துவது என்பதற்கு இரண்டு பக்கம் விதி எழுதுகின்றன. குளியலறையை உடைக்கிறவர் சங்கத்துக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும், 48 மணி நேரத் தண்ணீர்ப் பரீட்சையில் தேறாமல் டைல் பதிக்கக் கூடாது என்று இன்னும் இரண்டு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? பரீட்சைக்குச் சாட்சியாகக் கீழ்வீட்டாரையே அழைக்கலாம். முதல் நாள் மாலை மேலே வந்து சுவரில் கிழித்த கோட்டைப் பார்க்கட்டும். மூன்றாம் நாள் மாலை வரை தம் குளியலறையில் அடிக்கடி அண்ணாந்து பார்க்கட்டும். ஈரம் இல்லையென்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மேல்வீட்டில் ஒரு காபியும் சாப்பிட்டுவிட்டு இறங்கலாம்.