விமானம் பார்ப்பது வெட்டி வேலையா?

"ஞாயித்துக்கிழமை மலை மேல ஏறி நின்னு ஏரோப்ளேன் பாக்கப் போறியா? உனக்கு வேற பொழப்பே இல்லியாடா?"

விடுதியில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆளே இல்லை. கிரிக்கெட் ஸ்கோரை மனப்பாடமாக ஒப்பிப்பவனை ரசிகன் என்கிறோம். முதல் நாள் முதல் காட்சிக்கு விடிய விடிய வரிசையில் நிற்பவனை வெறியன் என்றாவது மதிக்கிறோம். விமானம் பார்ப்பவனுக்கு மட்டும் 'வெட்டிப்பயல்' பட்டமா? பொறியியல் படிக்கும் நமக்குச் செலவில்லாமல் கிடைக்கும் நல்ல பாடங்களில் இதுவும் ஒன்று என்பது என் கட்சி. வாதத்தைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சென்னை விமான நிலையத்தைப் பார்க்க விமான டிக்கெட் வேண்டாம். மின்சார ரயிலில் பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி மலை ஏறினால் போதும். 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய மாதா கோயில் இருக்கும் மலை. உயரம் ஏறத்தாழ 300 அடிதான். மேலே நின்றால் ஓடுபாதை கண்ணெதிரே விரிகிறது. போன கோடையில் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், சிவில் என்று பிரிவுக்கு ஒருவராக மூன்று பேர் போனோம். ஒரு நோட்டு, இரவல் வாங்கிய பைனாகுலர், தயிர்சாதப் பொட்டலம்... இவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம்!

முதல் பாடம் காற்று. காலையில் விமானங்கள் கிழக்கேயிருந்து, மலைக்குப் பக்கவாட்டில் தாழ்ந்து வந்து இறங்கின. மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தலைகீழ்! மேற்கேயிருந்து இறங்கி, கிழக்கு நோக்கி எழும்ப ஆரம்பித்தன. விமானம் எதிர்காற்றில்தான் ஏறி இறங்க விரும்பும். எதிர்காற்று இருந்தால் தரையில் குறைந்த வேகத்திலேயே இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை கிடைத்துவிடும். முதன்மை ஓடுபாதையின் ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று பெயர். திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்பதன் சுருக்கம் அது. வித்தியாசம் 180 டிகிரி, அதாவது நேர் எதிர்த்திசை. கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் ஏறாத விஷயம், மலை மேல் ஐந்தே நிமிடத்தில் மண்டையில் ஏறிவிட்டது.

இரண்டாவது பாடம் மெக்கானிக்கல்காரர்களுக்கு. ஏர்பஸ் ஏ320-இன் பழைய வகையையும் 'நியோ' வகையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பழையதில் எஞ்சின் விசிறியின் விட்டம் சுமார் 68 அங்குலம். நியோவுக்கு வரும் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் 81 அங்குலம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம், சத்தமும் குறைவு. ஆனால் பெரிய விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும், அதைச் சுழற்றும் டர்பைனோ வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது? நடுவே ஒரு கியர் பெட்டி, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று விகிதத்தில்! நாம் பரீட்சைக்காக உருப்போடும் அதே எபிசைக்ளிக் குடும்பத்து கியர்தான். "இதெல்லாம் எங்க சார் உபயோகப்படப் போவுது?" என்று வகுப்பில் கேட்ட நண்பர்களே, பதில் உங்கள் தலைக்கு மேலே பறக்கிறது!

மூன்றாவது பாடம் கொஞ்சம் கசப்பானது. போயிங் 737-இன் எஞ்சின் கூட்டை முன்னாலிருந்து கவனியுங்கள். முழு வட்டமாக இருக்காது, அடிப்பக்கம் சப்பையாக இருக்கும். 1967-இல் முதன்முதலாகப் பறந்தபோது அது தரைக்கு மிகத் தாழ்வாக வடிவமைக்கப்பட்ட விமானம். அப்போது எஞ்சின்கள் ஒல்லி. 1980-களில் பெரிய எஞ்சின் பொருத்த வேண்டி வந்தபோது கீழே இடமில்லை. துணைக் கருவிகளைப் பக்கவாட்டுக்குத் தள்ளி அடியைச் சப்பையாக்கினார்கள். பிறகு 'மேக்ஸ்' வகையில் அதைவிடப் பெரிய எஞ்சின். இந்த முறை அதை முன்னுக்கும் மேலுக்கும் நகர்த்தினார்கள். சில நிலைகளில் மூக்கு தூக்கிக்கொள்ளும் குணம் வந்தது. அதைச் சரிக்கட்ட ஒரு மென்பொருளை வைத்தார்கள். அந்த மென்பொருள் ஒரே ஒரு சென்சாரை நம்பி வேலை செய்தது. 2018 அக்டோபரில் இந்தோனேஷியாவில் ஒரு விபத்து, 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 346 உயிர்கள் போயின.

அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த முடிவு இன்றும் அந்தச் சப்பை அடியில் கண்ணுக்குத் தெரிகிறது. நாளைக்கு நாமும் ஏதோ ஒரு டிராயிங்கில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். "சமாளிச்சுக்கலாம் விடு" என்ற வார்த்தைக்கு என்ன விலை என்பதை இதைவிட உறைக்கச் சொல்ல முடியுமா?

சிவில் நண்பனுக்கும் பாடம் இருந்தது. இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. "ஆறு, ஓடுபாதை, ஊரு... மூணும் ஒரே இடத்துல இருந்தா டிசைன் பண்றவன் யாரை மொதல்ல நெனைக்கணும்?" என்று அவன் கேட்டான். சாயங்காலம் வரை அதே விவாதம்தான்.

சரி, "பாதுகாப்புப் பிரச்சினை இல்லையா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. போர்விமானத் தளத்தின் சுவர்ப்பக்கம் போகக்கூடாது, சட்டம் தடுத்த இடத்தில் படம் எடுக்கக்கூடாது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பயணிகள் விமானம் பறந்துகொண்டே தன் அடையாளம், இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தானே அறிவித்துக்கொண்டு போகிறது. அதை உலகமே கைபேசியில் பார்க்கிறது. அண்ணாந்து பார்ப்பவன் மட்டும் எப்படிச் சந்தேக நபர் ஆனான்?

ஆனாலும் ஆகியிருக்கிறார்கள். 2001-இல் கிரீஸ் நாட்டில் பிரிட்டன், நெதர்லாந்து நாடுகளைச் சேர்ந்த 14 பேரை உளவாளிகள் என்று பிடித்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. 2010-இல் டெல்லி விமான நிலையத்துக்கு அருகே ஓட்டலில் தங்கி விமானங்களைக் கவனித்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதாகி, அபராதம் கட்டி ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இதே பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது, வானத்தைப் பார்த்து விமானத்தின் வகையைச் சொல்லும் சாதாரணக் குடிமக்களை ஒரு படையாகவே அரசு சேர்த்திருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்ததே, அந்தக் கடைசி நொடிகளைக் கைபேசியில் பிடித்தவன் அருகிலிருந்த ஒரு மாடியில் நின்று ஆசையாக விமானம் பார்த்த 17 வயதுப் பையன். உலகம் முழுவதும் பொறியாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தப் படத்தைத்தான். பார்க்கிற கண் ஊருக்குக் காவல், நண்பர்களே!

என் கோரிக்கை சிறியது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓடுபாதை ஓரத்திலேயே பொதுமக்களுக்கென்று ஒரு பூங்கா, அதில் ஒரு நிஜ கான்கார்டு விமானம் நிற்கிறது. ஜப்பானின் ஹனேடா நிலையத்தில் மொட்டைமாடியில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். அங்கெல்லாம் பாதுகாப்பு இல்லையா என்ன? பார்ப்பதற்கு ஒரு இடம் கொடுத்துவிட்டால் எவனும் சுவர் ஏற மாட்டான். காவலர்களுக்கும் வேலை மிச்சம். நம்மூர் நிலையங்களிலும், இனிமேல் கட்டப்போகிற நிலையங்களின் வரைபடத்திலேயும், கம்பிவலைக்குப் பின்னால் நூறு பேர் நிற்க ஒரு மாடம் வேண்டும்.

நம்மில் விமானம் ஏறியவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் வகுப்புக்கு ரெண்டு கை எழுந்தால் அதிகம். அப்பன் ஆத்தாள் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் போகாத வீட்டுப் பிள்ளைகள் நாம். டிக்கெட் வாங்கினவனுக்கு மட்டும்தான் விமான நிலையம் என்றால், இந்த நாட்டுக்கு விமானம் கட்டப்போகிறவன் எங்கிருந்து வருவான்?

அரசு செய்யும்போது செய்யட்டும். நம் பேரவை ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் சுற்றுலாவுக்குப் பட்டியல் போடும்போது பரங்கிமலையையும் சேர்க்கட்டும். செலவு ரயில் டிக்கெட்டும் தயிர்சாதமும்தான். ஆளுக்கு ஒரு நோட்டு கட்டாயம் எடுத்து வாருங்கள். பட்டம், லேசர் விளக்கு, டிரோன் எதுவும் வேண்டாம், மலையில் குப்பையும் போடாதீர்கள். ஒரு விமானத்தைப் பார்த்ததும் "ஏன் இப்படி இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை அந்தக் கேள்வியை வகுப்பில் ஆசிரியரிடம் கேட்போம்.