பேரிங்கும் பேரமும்

"ஊஊஊம்"னு ஒரு சத்தம். நாப்பதுல ஆரம்பிச்சு, அறுபதுல கூடி, எண்பதைத் தொட்டா பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க பேசுறதே காதுல விழாத அளவுக்கு. அப்பா வாங்கின 2009 மாடல் மாருதி 800. 2024-ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு எஃப்.சி. புதுப்பிச்சு இன்னமும் ஓடிட்டிருக்கு. அத்தனை வருஷம் உழைச்ச வண்டியில ஒரு பேரிங் தேயுறது அதிசயம் இல்லை. அதைச் சரி பண்ணப் போன இடத்துல நான் பார்த்ததும், அதைவிட முக்கியமா நான் பண்ணதும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏ.சி., மெஷின் காபி. சட்டையை இன் பண்ண ஒருத்தர் கையில டேப்லெட்டோட வந்தார். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிக்கூடப் பார்க்காம, "பின்னாடி ரெண்டு பக்கமும் டிரம்மோட மாத்திடலாம் சார், சேஃப்டி மேட்டர்"னு 7,200 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுட்டார். எந்தப் பக்கம் சத்தம்னு கேட்டேன். "ரெண்டையும் மாத்திட்டா கவலையே இல்ல சார்." நான் என்ன பண்ணேன்? காபியைக் குடிச்சுட்டு, "யோசிச்சு சொல்றேன்"னு தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வந்தேன். "கொஞ்சம் குறைச்சுக்கங்க"ன்னு ஒரு வார்த்தை வாயில வரலை.

அடுத்து எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன். என்னைப் பக்கத்துல உக்கார வச்சுட்டு வண்டியை எடுத்தார். ஓடிட்டிருக்கும்போதே கியரை நியூட்ரல் பண்ணார், சத்தம் மாறலை. அப்போ எஞ்சின் இல்லை. ரோடு மாறினப்பவும் மாறலை, அப்போ டயரும் இல்லை. லேசா வலது பக்கம் ஒடிச்சார், சத்தம் கூடிச்சு. இடது பக்கம் ஒடிச்சார், குறைஞ்சுது. வலது பக்கம் திரும்பும்போது வண்டியோட பாரம் இடது சக்கரத்து மேல சாயும், அவ்வளவுதான் சூட்சுமம். "இடது பின்சக்கரம் சார். பேரிங் நீங்களே நல்லதா பார்த்து வாங்கிட்டு வந்துருங்க. கூலி ஐநூறு."

இங்க நான் வாயைத் திறந்தேன். "என்னண்ணே, ஒரு வீலுக்கு ஐநூறா? முந்நூறு வச்சுக்கங்க." அவர் சிரிச்சுட்டு நானூறுக்கு வந்தார். எனக்கு அதுவும் ஆறலை. "நானே பண்ணிக்கிறேண்ணே, நானும் மெக்கானிக்கல் எஞ்சினியர்தான்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆமாங்க. பொட்டி தட்டுற பொழப்புன்னாலும் படிச்சது மெக்கானிக்கல். பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைப் பரீட்சை ஹாலுக்கே தூக்கிட்டுப் போய் பேரிங் ஆயுசு கணக்குப் போட்டவன். பால் பேரிங்ல பாரம் ரெண்டு மடங்கானா ஆயுசு எட்டுல ஒரு பங்கு ஆயிடும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். 6205-ன்னு நம்பர் இருந்தா கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்கு, உள் விட்டம் 25 மி.மீ.னும் சொல்வேன். ஒரு பேரிங்கைக் கழட்டி மாட்டினது மட்டும் கிடையாது.

ஜி.பி. ரோட்டுல போய் பேரிங் வாங்கிட்டு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சேன். முன்சக்கரத்துக்குக் கல்லு வச்சு, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழட்டி, நடுவுல இருக்கிற மூடியைத் தட்டி எடுத்து, ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டுக்கு ஸ்பானர் மாட்டினா அசையலை. ஸ்பானர் மேல ரெண்டடி பைப்பு சொருகி ஏறி மிதிச்சப்புறம்தான் கழண்டுச்சு. டிரம் வரவே இல்லை. அரை மணி நேரம் சுத்தியலால தட்டின பிறகு ஞாபகம் வந்துச்சு, ஹேண்ட் பிரேக்கை இறக்கவே இல்லைன்னு.

டிரம்முக்குள்ள ரெண்டு பேரிங், நடுவுல ஒரு ஸ்பேசர் குழாய். அந்தக் குழாயை ஓரமா தள்ளி, கம்பி வச்சு சுத்தி சுத்தித் தட்டிப் பழசை வெளியே எடுத்தேன். கையில வச்சு சுத்தினா மணல் அரைபடுற மாதிரி. ஆஹா, ஜெயிச்சாச்சுன்னு புதுசை வச்சுத் தட்டி உள்ள இறக்கினேன். சுத்திப் பார்த்தா புதுசும் கரகரங்குது!

டிரம்மைப் பையில போட்டுக்கிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அண்ணன்கிட்டயே போனேன். விரலை விட்டு ஒரு சுத்து சுத்தினார். "உள் வளையத்துல வச்சு அடிச்சுட்டீங்களா சார்?" அவ்வளவுதான் கேட்டார். டிரம்முக்குள்ள இறுக்கமா உக்கார்றது வெளி வளையம், அடியும் அங்கதான் விழணும். உள் வளையத்துல அடிச்சா அந்த அடி மொத்தமும் குண்டுகள் வழியாப் போகும், ஓடுபாதையில சின்னச் சின்னக் குழி விழும். பேரிங் பொறக்கும்போதே செத்தாச்சு. ஃபார்முலா தெரிஞ்ச எனக்கு இது தெரியலை.

மறுபடி போய் இன்னொரு செட் வாங்கிட்டு வந்தேன். பழைய பேரிங்கோட வெளி வளையத்தையே மேல வச்சு, நாலு பக்கமும் சமமா தட்டி, கால் மணி நேரத்துல முடிச்சுட்டார். ஐநூறை நீட்டினேன். ஒண்ணும் சொல்லாம வாங்கி பாக்கெட்ல வச்சுக்கிட்டார். அதுதான் சரி. வீட்டுக்கு வந்து மாட்டி முடிக்கும்போது மணி நாலு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 7,200-ன்னு சொன்னவர்கிட்ட பேசாத வாய், ஐநூறு கேட்டவர்கிட்ட மட்டும் ஏன் திறக்குது? அவர் கை அழுக்கா இருக்கு, இவர் கை சுத்தமா இருக்கு. அதைத் தவிர வேற காரணம் என்னால கண்டுபிடிக்க முடியலை. கையில கிரீஸ் பட்ட வேலைன்னா மலிவா இருக்கணும்னு நம்ம மண்டைக்குள்ள யாரோ ஏத்தி வச்சிருக்காங்க. யாருன்னு நான் சொல்லணுமா? எந்த வேலையை யார் செய்யணும்னு பிறப்பை வச்சுப் பிரிச்ச ஊர் இது. டிகிரி வாங்கியும் அந்தப் புத்தி போகலை, டிகிரியே புதுப் பூணூல் ஆயிடுச்சு.

"பெரிய இடத்துல வாரன்ட்டி உண்டு, தெருமுனையில தரம் இருக்காது"ன்னு வருவீங்க. தெரியும். அந்தத் தரம் ஏன் இல்லைன்னு யோசிச்சிருக்கீங்களா? ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம வச்சிருந்ததுக்காக, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமா 2,544 கோடிக்கு மேல அபராதம் போட்டுச்சு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது வேற கதை. கையைக் கட்டிப் போட்டுட்டு, "உனக்கு நீச்சல் தெரியலை"ன்னு சொல்றது என்ன நியாயம்?

"உன்னோட ஒரு நாள் சம்பளம் என்ன? ஒரு சனிக்கிழமையை வீணாக்கிட்டியே"ன்னு நம்ம ஆளுங்க கணக்குப் போடுவாங்க. நல்லா போடுங்க. ஒரு பட்டனோட கலரை மாத்த நாலு நாள் எஸ்டிமேட் கொடுக்கிறவங்க நாம. கிளையன்ட் அதை ரெண்டு நாளா குறைச்சா "எங்க வேலையோட கஷ்டம் இவனுக்கு எங்க தெரியும்"னு டீக்கடையில நின்னு புலம்புறோம். அதே டீக்கடைக்குப் பக்கத்துல இருக்கிற ஷெட்ல போய் நாமளே அந்தக் கிளையன்ட் ஆகிடறோம்.

எல்லாரும் வீட்டுல பேரிங் மாத்துங்கன்னு சொல்லலை. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒண்ணைக் கழட்டி மாட்டிப் பாருங்க. அப்புறம் எஸ்டிமேட்டைக் கேள்வி கேக்க வாய் வரும். கூலியில பேரம் பேச வாய் வராது.

டிஸ்கி: முயற்சி பண்றவங்க ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்காதீங்க, ஸ்டாண்டு கட்டாயம். பழைய ஸ்ப்ளிட் பின்னைத் திரும்பப் போடாதீங்க, நட்டைச் சொன்ன டார்க்குக்கு இறுக்குங்க. பிரேக் தூசியை வாயால ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. கழண்டு ஓடினா ஓடுறது நம்ம சக்கரம், போறது ரோட்டுல போறவங்க உயிரும் சேர்த்து.