பட்டியலில் ஏறாதவை

பொம்மைச் சிப்பாய்களை மேசைமீது நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டு நம் விடுதி மாணவரிடையே பரவி வருகின்றது. "எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுவதா!" என்று நகைப்போர் உளர். நகைக்கட்டும். 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தின்மேல் இதனைப் பயிற்சியாகக் கொண்டனர், எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இதற்கென ஒரு நூலே எழுதினார். நம் சதுரங்கமும் நால்வகைப் படையின் பெயரன்றோ? விளையாட்டோடு எனக்குப் பிணக்கில்லை. ஆட்டத்துக்கு முன் நாம் எழுதும் படைப்பட்டியலோடுதான் பிணக்கு.

விதிநூல் ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை புள்ளி என்று விலை குறித்துள்ளது. இரு தரப்பாரும் சமமான புள்ளிக்குள் படை திரட்டவேண்டும். கேட்பதற்கு நீதியாகத்தான் இருக்கிறது. நடப்பதென்ன? பந்தியில் சோற்றை ஒதுக்கிவிட்டுப் பாயசத்தையே நான்கு முறை வாங்குவான் போல, இயந்திரத் துப்பாக்கியும் ஏவுகணையுமாக வாங்கிக் குவிக்கிறோம். மீந்த புள்ளிக்குச் சிப்பாய். அத்தகைய காலாட்படைக் கம்பெனி எந்த நாட்டிலும் இருந்ததில்லை.

இருந்த கம்பெனி ஒன்றைச் சொல்லுகிறேன். 1962 நவம்பர் 18. லடாக்கில் சுசூலுக்குத் தெற்கே, 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ரெசாங் லா கணவாய். காத்து நின்றது 13-ஆம் குமாவோன் படையின் சார்லி கம்பெனி. தலைவர் மேஜர் ஷைத்தான் சிங். ஏறத்தாழ 120 பேர். மூன்று பிளாட்டூன், பிளாட்டூனுக்கு மூன்று செக்ஷன், செக்ஷனுக்குப் பத்துப் பேரளவில், ஒரு லைட் மிஷின்கன். கையிலிருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துச் சுடும் .303 துப்பாக்கி. உடன் சில மார்ட்டர்கள். இடையில் மலை மறித்து நின்றமையால் பின்னிருந்த நம் பீரங்கிகளின் துணை கிட்டவில்லை. குளிருக்கேற்ற உடையும் இல்லை. எதிரே வந்தவர் தொகையோ பன்மடங்கு. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே மடிந்தனர். 1963 பிப்ரவரியில் பனிக்கிடையே உடல்களைக் கண்டபோது பலர் கையில் ஆயுதம் அப்படியே இருந்தது.

இதைச் சமப் புள்ளிக்குள் எப்படி எழுதுவீர்கள்? எழுத முடியாது. ஆகவே புள்ளியை விடுங்கள் என்கிறேன். படையின் அமைப்பு எப்படியோ அப்படியே ஆள் எண்ணிக்கையை முதலில் எழுதுங்கள், கருவி பிறகு. மூன்றாவதாக, அந்தக் கம்பெனிக்குக் கிடைக்காமற் போனவற்றையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். வெற்றியை எதிரியின் தலையை எண்ணி அளவாமல், எத்தனை நாழிகை தாங்கினோம் என்று அளப்போம். அப்பொழுது, தோற்பதற்கென்றே அமைந்த பக்கத்தை எடுத்து ஆடுவதிலும் சுவை பிறக்கும்.

(நான் பௌதிகம் படிப்பவன், கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 72-இல் ஒரு பங்கு அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிறான். 500 மீட்டர் ஏறத்தாழ 7 மீட்டர் ஆகிறது. நம் உணவுக்கூட மேசையின் நீளமோ ஆறடி! விதிநூல்கள் பெரும்பாலும் தொலைவைச் சுருக்குகின்றன. தொலைவிலேயே பொய் சொல்லும் ஆட்டம், ஆள் கணக்கிலாவது மெய் சொல்லட்டும்.)

இனி, சொல்லத் தயங்கும் ஒன்று. "அடுத்த பருவத்தில் 1987 யாழ்ப்பாணத்தை ஆடுவோம், வானூர்தியில் பல்கலைக்கழகத்தில் இறங்கிய பிளாட்டூன் நல்ல ஆட்டமாகும்" என்கிறார் வேற்றுமொழி நண்பர் ஒருவர். அவர் குற்றமன்று, அவருக்கு அது வரைபடம். அக்டோபரில் இறங்கிய 30 சீக்கிய வீரருள் 29 பேர் மாண்டனர். நவம்பர் 25-இல் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயிலே பிறந்த தமிழர்; 8-ஆம் மஹார் படையினர். மராட்டிய மண்ணில் பிறந்த தமிழன் தமிழ் மண்ணில் தமிழன் குண்டுக்கு இரையானான். அந்த வீதிகளில் வீடுகள் இருந்தன, மருத்துவமனை இருந்தது, மக்கள் இருந்தனர். அவர்களுக்கு எந்த விதிநூலில் எத்தனை புள்ளி?

"ரெசாங் லாவில் மாண்டவருக்கும் தாய் இருந்தாளே, அதை மட்டும் ஆடலாமோ?" என்று நீங்கள் மடக்கலாம். மடக்குவது நியாயமே. அங்கே கல்லும் பனியும் சிப்பாயுமே இருந்தனர். பட்டியலில் எழுதக் கூடியவர் யாவரும் எழுதப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் எழுதப்படாதவரே மிகுதி. அவர்களை விட்டுவிட்டு ஆட எனக்கு மனம் ஒப்பவில்லை. சேர்த்துக்கொண்டு ஆடவோ கை வரவில்லை. அம்மேசைக்கு நான் வரமாட்டேன்.

ரெசாங் லாப் பட்டியலை எழுதி முடித்துவிட்டேன். விரும்புவோர் படியெடுத்துக் கொள்ளலாம். மார்ட்டர்களுக்கு மட்டும் பொம்மை கிடைக்கவில்லை; களிமண்ணில் கைத்திறன் உடையவர் உதவுக.