நெகட்டிவை ரத்திவாலாவிடம் போடுமுன்...

புனேவில் நம்மூர்க் குடும்பங்கள் பலவற்றில் பார்த்துவிட்டேன். அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்ததும் பரணைக் காலி செய்யும் படலம் ஆரம்பமாகிவிடும். ஆல்பம் பத்திரமாக அட்டைப்பெட்டிக்குள் போகும். நெகட்டிவ்களும் பழைய எக்ஸ்ரேக்களும் ரத்திவாலாவின் சாக்குக்குள் போகும். "அதுல வெள்ளி இருக்காம், ரீசைக்கிள் பண்ணிடுவாங்க" என்று ஒரு சமாதானம் வேறு! அது பாதிதான் சரி என்பது என் கட்சி.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவமாகத் தெரிவதே வெள்ளித் துகள்தான். எக்ஸ்ரேயிலும் அப்படியே. கலர் நெகட்டிவ் கதை வேறு. லேபில் கழுவும்போதே ஏறக்குறைய எல்லா வெள்ளியும் கரைந்து போய்விடும். மிஞ்சுவது சாயம் மட்டுமே. ஆக, கலரில் எடுத்த நம் கல்யாணம், காதுகுத்து நெகட்டிவ்களில் எடுக்க வெள்ளியே கிடையாது.

தினமும் அடமானச் சொத்துக்கு மதிப்புப் போடுகிறவன் சொல்கிறேன்: காயலான் கடையில் அதற்கு மதிப்பு பூஜ்யம். ஆனால் ஆல்பத்துப் படம் வெளுத்துப்போனால் மறுபடி பிரிண்ட் போட மூலப்பத்திரம் அதுதான். ஊர் வீட்டை விற்றுவிட்டு வந்தவர்களுக்கு அந்தத் திண்ணை இனி நெகட்டிவில்தானே இருக்கிறது?

வெள்ளி ஆசையில் நாம் இழந்தது கொஞ்சமல்ல. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்கு (1931) இன்று ஒரு பிரதிகூட இல்லை. 1964இல் இதே புனேவில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர், பழைய படச்சுருள்கள் வெள்ளிக்காக அழிக்கப்பட்டதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்பட்டவர்.

நிற்க. எக்ஸ்ரேயில் வெள்ளி உண்டு, அதை மீட்பது நல்லதும்கூட. எப்படி மீட்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முறையில்லாத பட்டறைகளில் காஸ்டிக் சோடா கரைசலில் ஃபிலிமைக் கொதிக்கவிட்டு, வெள்ளிக் கசடை எடுத்துக்கொண்டு, கழிவுநீரைச் சாக்கடையில் விட்டுவிடுவார்கள். இல்லையேல் கொளுத்திச் சாம்பலை உருக்குவார்கள். புகை தொழிலாளியின் நெஞ்சுக்கு, கழிவு ஆற்றுக்கு.

என் யோசனை இதுதான்:

நெகட்டிவ்களைக் காகித உறையில் போட்டு, ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வையுங்கள். முடிந்தபோது ஸ்கேன் செய்யுங்கள். செய்த பிறகும் தூக்கிப்போடாதீர்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

எக்ஸ்ரே இனி வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேண்டாமென்றால் பெயர் இருக்கும் ஓரத்தை வெட்டிவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவரிடம் பழைய ஃபிலிமைக் கொடுக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால், நம்முடையதையும் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள்.

எதையும் வீட்டில் கொளுத்தாதீர்கள்.

மறுசுழற்சி நல்ல காரியம்தான் மக்களே, பிரித்துப் பார்த்த பிறகு. உங்கள் பரணில் என்ன இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் இறக்கித்தான் பாருங்களேன்.