பாய்லரில் குறையும் நீர்

கார் நிக்கோபாரில் வசிக்கும் வாசகர் குடும்பம் ஒன்றிலிருந்து இம்மாதம் ஒரு வினா வந்துள்ளது. அவர்களுடைய மகள் மணமாகி இங்கிலாந்தில் வாடகை வீடொன்றில் இருக்கிறார்; கைக்குழந்தை உண்டு. வீட்டைச் சூடேற்றும் பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் வாரந்தோறும் இறங்கிவிடுகிறதாம். மருமகன் அவ்வப்போது நீர் நிரப்பிச் சமாளிக்கிறாராம். வீட்டுக்காரரிடம் சொன்னால் மனம் கோணுவாரோ என்று அஞ்சுகிறார்கள். ‘குறைந்தால் நிரப்புவதுதானே, இதில் கவலைக்கு என்ன இருக்கிறது?’ என்பது தந்தையாரின் கேள்வி.

ஆண்டு முழுவதும் புழுங்கும் தீவில் இருப்பவருக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. நம் வீட்டு வெந்நீர்த் தவலையில் மொண்டு குளித்தால் நீர் குறையும். இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அறிந்த நீராவி எஞ்சினும் அத்தகையதே. ஆவி உழைத்துவிட்டுப் புகைபோக்கி வழியே போய்விடும், ஆகவே ஓடும்போதே நீர் ஊட்டவேண்டும். 1858-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கிஃபார்டு இஞ்செக்டரைக் கண்டது அதற்காகவே. குளிர்நாட்டு வீட்டுப் பாய்லரோ வேறு இனம். அடைத்த குழாய்களுக்குள் அதே நீர் அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களைச் சுற்றிச் சூடு தந்து திரும்புகிறது. அதை எவரும் மொள்வதில்லை. குளிக்கும் நீர் வேறு வழியே செல்கிறது. ஆகவே முள் இறங்கினால், நீர் எங்கே போயிற்று என்பதே முதற்கேள்வி. கிணற்று நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கும் பவளத்தீவில் வாழ்பவருக்கு நீரின் கணக்கை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

பாய்லர் ஆறியிருக்கையில் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்பது நலம். (ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம்.) சூடேறினால் 2 வரை செல்லலாம். மிகத் தாழ்ந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். நிரப்புமுன் பாய்லரை அணைத்து ஆறவிடவேண்டும். பின்னல் உறையிட்ட சிறு குழாயின் இரு முனையிலும் திருகுகள் இருக்கும். முதலில் ஒன்றைத் திறந்து, மற்றதை மெல்லத் திறக்கவேண்டும். முள் 1.5-ஐ எட்டுமுன் இரண்டையும் இறுக மூடிவிடவேண்டும். சில வகைகளில் இத்திருகு உள்ளேயே அமைந்திருக்கும். அதற்குரிய கையேட்டைப் பார்த்தல் நன்று.

ரேடியேட்டரில் தங்கிய காற்றை வெளியேற்றிய பின்பு ஒருமுறை முள் இறங்கினால் குற்றமில்லை. வாரந்தோறும் இறங்குவது நோய். புதுநீரோடு பிராணவாயுவும் புகுந்து உள்ளிருக்கும் இரும்பை அரிக்கும், கருஞ்சேறு படியும், துருத்தடுக்க இட்ட மருந்தும் நீர்த்துப்போகும். ரேடியேட்டர் திருகுகளின் அடியில் ஈரம் உண்டா என்று தடவிப் பார்க்கவேண்டும். சூட்டில் முள் 3-ஐ நெருங்கி, ஆறியபின் அடிமட்டத்துக்கு விழுந்தால், விரியும் நீருக்கு இடந்தரும் கலத்தில் காற்று போயிருக்கக்கூடும். அப்போது காப்புத் திருகு திறந்து, வெளிச்சுவர்க் குழாய் வழியே நீர் சொட்டும். அங்கே கசிவைத் தேடாமல் வீட்டுக்குள்ளேயே தேடி அலைவோர் பலர்.

பாய்லரின் மூடியைத் திறப்பது மருமகனின் வேலையன்று. எரிவாயுக் கருவியைப் பழுதுபார்க்க, 2009 முதல் அங்கு நடைமுறையிலுள்ள கேஸ் ஸேஃப் பதிவேட்டில் பெயருள்ளவருக்கே சட்டம் இடந்தருகிறது. செலவைப் பற்றிய அச்சமும் வேண்டாம். ஏழாண்டுக்குக் குறைந்த குடித்தனமாயின், சூடேற்றும் அமைப்பைப் பழுதின்றி வைப்பது வீட்டுக்காரர் கடமை என 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குடியிருப்பவர் முறையிடுவது தயவு கேட்பதாகாது. நம்மவர் இதில் அநாவசியமாகக் கூசுகிறார்கள்.

ஒரு வாரம் காலையிலும் இரவிலும் முள் நின்ற இடத்தையும், நீர் நிரப்பிய நாளையும் ஏட்டில் குறிக்கட்டும். அதன் பிரதியோடு வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கட்டும், வாய்ச்சொல் போதாது. குழந்தை இருப்பதையும் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது.