ஒரு வாரத்து விருந்தாளிகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய ‘வெஸ்டர்ன்’ தொடர்களைப் பற்றிப் பேசுவோர் குதிரை, தொப்பி, துப்பாக்கி என்று நாயகனோடு நின்றுவிடுகிறார்கள். அத்தொடர்களின் உயிர் ஒரே ஒரு வாரம் வந்து போன விருந்து நடிகைகளிடம் இருந்தது என்பது நம் கட்சி.

காரணம் எளியது. ‘கன்ஸ்மோக்’ 1955 முதல் 1975 வரை 635 பகுதிகள் ஓடியது. அத்தனை காலமும் மார்ஷல் மாட் டில்லன் மாறக் கூடாது. அவர் மனம் உடையலாகாது, மணமும் முடிக்கலாகாது. அடுத்த வாரம் அதே வீதியில் அதே நடையோடு வந்தாக வேண்டும். மாறாத ஒருவரை வைத்துக்கொண்டு கதை சொல்வதெப்படி? மாறக்கூடிய ஒருத்தியை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான். கைம்பெண்ணோ பள்ளி ஆசிரியையோ கொள்ளைக்காரனின் மனைவியோ கோச்சு வண்டியிலிருந்து இறங்குவாள். அப்பகுதி முடிவதற்குள் அவள் வாழ்வு புரண்டுவிடும். நாயகர் பெரும்பாலும் சாட்சி மட்டுமே.

‘வேகன் ட்ரெயின்’ (1957–65) இதை ஒளிக்கவே இல்லை. பெரும்பாலான பகுதிகளுக்கு வந்தவரின் பெயரே தலைப்பு. 1959இல் ஒளிபரப்பான ‘எல்லா லிண்ட்ஸ்ட்ராம் கதை’யில் (எல்லா என்பது அவள் பெயர்) பெட்டி டேவிஸ் ஏழு பிள்ளைகளின் தாய், கணவனை இழந்தவள். தான் பிழைக்கப் போவதில்லை என்று அறிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு தேடத் தொடங்குகிறாள். திரைப்படத்தில் இரண்டு மணி நேரம் கேட்கும் கருவை ஒரு மணி நேரத் தொடர்ப்பகுதி தாங்கியது. அதே பெட்டி டேவிஸ் 1966இல், ‘கன்ஸ்மோக்’கின் ‘தி ஜெயிலர்’ பகுதியில், கணவனைத் தூக்குக்கு அனுப்பிய மார்ஷலைத் தானே தூக்கிலிடத் துடிக்கும் தாயாக வந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஹாலிவுட் நாயகி வேடம் தர மறந்துவிட்ட வயது அது.

‘பொனான்சா’வின் கணக்கு இன்னும் கொடியது. கார்ட்ரைட் தந்தைக்கு மூன்று மகன்கள், மூவருக்கும் மூன்று தாய்மார், மூவரும் இறந்தவர்கள். 1961இல் ஜெரால்டின் புரூக்ஸ், 1962இல் இங்கா ஸ்வென்சன், 1963இல் ஃபெலிசியா ஃபார் என்று ஆண்டுக்கொருவர் வந்து, காதலித்து, ஒரு மகனை விட்டுவிட்டு மறைந்தார்கள். ஆண்கள் நால்வர் குதிரையேறி வருவதற்கு மூன்று பெண்கள் சாக வேண்டியிருந்தது. இதைக் குறையாகவும் சொல்லலாம். பூர்வகுடிப் பெண்களின் வேடத்தில் வெள்ளை நடிகைகள் சாயம் பூசி வந்தது அதைவிடப் பெரிய குறை. ஆயினும் நடிப்பதற்கு ஏதோ ஒன்று அவர்கள் கையில் இருந்தது.

பொம்மையார்பாளையத்தில் இருந்துகொண்டு டாட்ஜ் நகரத்துக் கைம்பெண்களுக்காக வருந்துவானேன் என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம்மிடமும் ‘வெஸ்டர்ன்’ உண்டு. கர்ணன் இயக்கிய ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) படங்களில் ஜெய்சங்கர் குதிரையேறினார். அந்த நினைவில்தான் 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ படத்து ஊருக்கு ஜெய்சங்கரபுரம் என்று பெயரிட்டார். குதிரை வந்தது, தொப்பி வந்தது. எல்லா லிண்ட்ஸ்ட்ராம் மட்டும் வரவில்லை. நம் படங்கள் விருந்தாக வந்த பெண்ணுக்கு ஒரு கதையைத் தரவில்லை. நான்கு நிமிடப் பாடலொன்றைத் தந்தன.

அந்த நான்கு நிமிடத்தில் ஜோதிலட்சுமியும் விஜயலலிதாவும் சகுந்தலாவும் செய்த வேலையை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வில்லனின் கூடம் எத்தகையது என்பதை அவர்கள் ஆட்டம்தான் உணர்த்தும். காவலாளியின் கண்ணை மறைப்பதும் மாறுவேட நாயகனுக்குத் துப்புச் சொல்வதும் ஆட்டத்துக்குள்ளேயே நடக்கும். பல படங்களில் கடைசிக் குண்டைத் தாங்கிச் சாய்பவளும் அவளே. இத்தனையையும் ‘கவர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட்டு நம் திரை வரலாறுகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் இவர்கள் படத்தையே சுமக்கக் கூடியவர்கள் என்பதற்கு, விஜயலலிதா துப்பாக்கியோடு நாயகியாக வந்த தெலுங்கு ‘ரௌடி ராணி’ (1970) சான்று.

சிறு பாத்திரத்துக்கு இடமில்லாத மரபும் அல்ல நம்முடையது. சிலம்பில் மாதரி சில காதைகளுக்கே வருகிறாள். அடைக்கலம் தருகிறாள், குரவைக்கு முன்நிற்கிறாள், பிறகு காணோம். காப்பியம் வஞ்சிக்கு நகர்ந்துவிட்ட பின்னும் இளங்கோ அவளை மறக்கவில்லை. அடைக்கலப் பொருளை இழந்த துயரில் அவள் எரிமூழ்கினாள் என்று நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாகச் சொல்லி, அவள் கணக்கை முடித்து வைக்கிறார். நம் திரைக்கதையாசிரியர் எத்தனை பேர் தம் ஆட்டக்காரிகளுக்கு அந்த ஒரு வரியைச் செலவிட்டார்கள்?

சகுந்தலாவின் பெயரையே பாருங்கள். 1970இல் ஜெய்சங்கர் நாயகனாக நடித்த ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் அவரும் நடித்தார். நாயகனின் உத்தியோகப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது; 2024 செப்டம்பரில் மறையும்வரை அவர் சி.ஐ.டி. சகுந்தலாதான். அப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் என்ன என்று நண்பர்கள் பலரிடம் கேட்டுவிட்டோம். எல்லோருக்கும் சங்கரைத் தெரிந்திருக்கிறது.