எல்லைக்கு முதல் பங்கீட்டைப் பேசுவோம்



எங்கட பகுதியில் உள்ளூராட்சி சபை என்று பேச்செடுத்தாலே அது எல்லைப் பிரச்சினையில்தான் போய் நிற்கிறது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வேண்டுமா, கல்முனை பிரியலாமா என்று எத்தனை வருடமாகப் பேசுகிறோம்! 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. மிஞ்சியது மனக்கசப்பு மட்டும். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. கோடு எங்கே கீறுவது என்பதற்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. பணம் எந்தக் கணக்கில் பங்கிடப்படுகிறது?

வெட் வரி அறவிடும் கடையில் 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,180 கொடுக்கிறோம். 2024 ஜனவரி முதல் வரி 18 வீதம். அந்த 180 ரூபாயும் திறைசேரிக்குப் போகிறது. கடை எந்த ஊரில் இருக்கிறதோ, வாங்கியவர் எந்த ஊரில் வசிக்கிறாரோ, அந்தச் சபைக்கு அதில் உரிமையான பங்கு எதுவும் இல்லை.

முன்பு நிலைமை கொஞ்சம் வேறு. மொத்த, சில்லறை வியாபாரத்தின் மீதான புரள்வு வரியை 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. 2011 இல் அது நீக்கப்பட்டு, பதிலாக தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தரப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியும் ஒழிக்கப்பட்டது.

இன்று சபைகளுக்கு மிஞ்சியிருப்பது சோலை வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை ஆகியவையும், மாகாணத்தின் ஊடாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும்தான். காணி உறுதி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வை, அந்தக் காணி அமைந்திருக்கும் சபைக்குரியது. பிரதான வீதியில் ஒரு பேர்ச் விலையையும் வயலோரக் கிராமத்தில் ஒரு பேர்ச் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் சபை வளரும், எது நலியும் என்பது அதிலேயே விளங்கும்.

வருமானம் நகரத்தில் தங்கினாலும் சுமை அங்கேயே தங்குவதில்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று இறப்பது 2022 இல் உலகச் செய்தியானது. பல ஊர்களின் குப்பை கொட்டப்படுவது அங்கேதான்.

அப்படியென்றால் கடை இருக்கிற ஊருக்கே விற்பனை வரியைக் கொடுத்துவிடலாமா? கலிபோர்னியாவில் விற்பனை விலையின் 1 வீதம், விற்பனை நடந்த நகரத்துக்குப் போகிறது. இதனால் அங்குள்ள நகரங்கள் பெரிய கடைகளைத் தங்கள் எல்லைக்குள் இழுக்கப் போட்டி போடுகின்றன. வீடுகள் மட்டும் உள்ள ஊர்களுக்கு அதில் கிடைப்பது கொஞ்சம்தான். அந்த முறையை அப்படியே இங்கு கொண்டுவந்தால் நமக்கு இன்னொரு எல்லைச் சண்டைதான் மிஞ்சும்.

இதற்கு வழி நமது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மாகாணங்களுக்கு நிதி பங்கிடும்போது சனத்தொகை, தலா வருமானம், ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டிய தேவை ஆகியவற்றை நிதி ஆணைக்குழு கவனிக்க வேண்டும் என்று 154ற உறுப்புரை சொல்கிறது. இதே அளவுகோல் நாட்டின் 341 உள்ளூராட்சி சபைகளுக்கும் ஏன் வரக்கூடாது? வெட் வரியில் ஒரு நிலையான வீதத்தைச் சட்டத்தால் ஒதுக்க வேண்டும். அதைச் சனத்தொகை, வறுமை, குப்பை போன்ற சுமை ஆகிய மூன்றையும் பார்த்துப் பங்கிட வேண்டும். அமைச்சரின் கையைப் பார்த்து நிற்கும் நிலை அப்போதுதான் மாறும்.

ஒரு சபைக்குள்ளும் இதே நியாயம் பொருந்தும். ஒவ்வொரு வட்டாரத்திலும் எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் அறிவித்தல் பலகையில் போடட்டும். “எங்கட காசில் அவன் வீதி போடுகிறான்” என்ற சந்தேகத்தைத் தீர்க்கக் கணக்கைத் தவிர வேறு மருந்து இல்லை. பங்கீடு வெளிச்சத்துக்கு வந்தால் பிரிய நினைப்பவர்களும் சேர்ந்திருக்க நினைப்பவர்களும் கோபமில்லாமல் உட்கார்ந்து பேசலாம். புதிதாக ஒரு சபை வந்தாலும், இந்தக் கணக்கு மாறாவிட்டால் அங்கும் வடிகான் அடைத்துத்தான் கிடக்கும்.

அடுத்த முறை வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது எல்லையைப் பற்றிக் கேட்பதற்கு முதல் இதைக் கேளுங்கள்: “எங்கட சபைக்கு வர வேண்டிய முத்திரைத் தீர்வை எவ்வளவு, வந்தது எவ்வளவு?” தெரிந்து பதில் சொல்பவரோடு மற்றதைப் பேசலாம்.